எல்லாத் தோளிலும் கிடந்த பொன்னாடை

ரீச்சர்,

இன்று காலை கடையைத் திறந்து அலுமாரியின் கீழ் லாச்சியை இழுத்தபோது பூச்சி உருண்டையின் மணம் முகத்தில் அடித்தது. உள்ளே உங்கள் பொன்னாடையின் பொலித்தீன் உறை மட்டும் வெறுமையாகக் கிடந்தது. அதன் மூலையில் உங்கள் கையெழுத்தில் ஒட்டிய துண்டு இன்னும் இருக்கிறது: "இது கடைச் சாமான். திருப்பிக் கொடுக்கவும்."

பொன்னாடை முந்தநாள் போய்விட்டது. எப்படிப் போனது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நீங்கள் இருந்திருந்தால் ஏசியிருப்பீர்கள். ஏசுவதற்கு ஆள் இல்லாதபடியால்தான் இவ்வளவு துணிவாக எழுதுகிறேன் என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

நீங்கள் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு அதிபராக வந்த முதல் வருடம், பரிசளிப்பு விழாவுக்கு மூன்று நாள் இருக்கும்போது என் கடைக்கு வந்தீர்கள். மானிப்பாய்ச் சந்தியில் எத்தனையோ புடவைக் கடைகள் இருக்க, பள்ளிக்கூடத்துக்கு முன்னால் இருந்தது என் கடை. அது என் விதி. மெரூன் நிறத்தில், மெல்லிய சரிகைக் கரையோடு ஒரு பொன்னாடையை எடுத்துப் பார்த்துவிட்டு, "முதலாளி, இதை மூண்டு நாளைக்குத் தருவியளோ?" என்றீர்கள்.

"வாடகைக்கோ ரீச்சர்?"

"வாடகையும் இல்லை. சும்மா."

"புடவைக் கடையிலை சும்மா தாறது பை மட்டும்தான்."

"எம்.பி. வாறார். இது அவற்ரை தோளிலை அஞ்சு நிமிசம் கிடக்கும். பிறகு கதிரையின்ரை முதுகிலை கிடக்கும். போகேக்கை விட்டிட்டுப் போவார். கதிரையிலை கிடக்கிறதுக்கு ஏன் முதலாளி விலை?"

சைக்கிள் கரியரில் துணி மூட்டை கட்டி, வட்டுக்கோட்டை வரைக்கும் வீடு வீடாக விற்று மேலே வந்தவன் நான். என்னிடம் பேரம் பேசி வென்றவர்கள் குறைவு. அன்று தோற்றேன். தோற்றதற்கு என் பக்கத்திலும் ஒரு காரணம் இருந்தது. பாண்ட் வாத்திய உடுப்பும் இல்ல விளையாட்டுப் போட்டிக் கொடித்துணியும் இனி என் கடையில்தான் எடுப்பீர்கள் என்று நினைத்தேன். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் நான் சேர்ந்ததும், பிறகு அதற்குச் செயலாளர் ஆனதும் அந்த நினைப்பில்தான். கல்வித் தொண்டு என்று பிறகு மேடையில் சொன்னார்கள். நானும் மறுக்கவில்லை.

அந்த எம்.பி. பொன்னாடையைக் கதிரையில் விட்டுவிட்டுப் போகவில்லை. தோளில் போட்டபடியே வாகனத்தில் ஏறிப் போய்விட்டார். அடுத்த நாள் நீங்கள் வந்து நின்ற நிலை எனக்கு இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது. குடையை மடித்துக் கையில் பிடித்தபடி, "வெளிக்கிடுங்கோ முதலாளி, எடுத்துக்கொண்டு வருவம்" என்றீர்கள்.

"ஆரிட்டையிருந்து?"

"கொண்டு போனவரிட்டையிருந்துதான்."

"விடுங்கோ ரீச்சர். ஒரு எம்.பி.யிட்டைப் போய்த் துணி கேக்கிறதோ? சிரிப்பினம்."

"சிரிக்கட்டுமே. சிரிக்கிற ஆக்கள் கதவைத் திறப்பினம்."

பஸ்ஸில் போனோம். அவருடைய கந்தோரில் நாற்பது பேர் நின்றார்கள். வேலை கேட்டு, வீட்டுத் திட்டம் கேட்டு, இடமாற்றம் கேட்டு, ஒவ்வொருவர் கையிலும் ஒரு கடிதக் கோவை. நீங்கள் வெறுங்கையோடு போய் முன்னால் நின்றீர்கள். "ஐயா, நேற்றுப் போட்ட பொன்னாடை கடைக்காரற்ரை. இவர்தான் கடைக்காரர். நாளைக்கு முதல் குடுக்கவேணும்." அந்த மனிதர் முதலில் உங்களைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கி, கண்ணில் தண்ணீர் வருமட்டும் சிரித்தார். ஆள் விட்டு வீட்டிலிருந்து பொன்னாடையை எடுப்பித்து, எங்களுக்குத் தேத்தண்ணியும் தந்தார். நீங்கள் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்பிவிட்டீர்கள்.

படலைக்கு வெளியே வந்ததும் எனக்குக் கோபம். "ரீச்சர், இவ்வளவு தூரம் வந்து, ஆள் சிரிச்ச முகத்தோடை இருக்கேக்கை, ஒண்டும் கேக்காமல் வந்திட்டியளே."

"நீங்கள் முதல் நாள் வந்த ஆளுக்கே கூறைச் சீலை விரிச்சுக் காட்டுவியளோ?" என்று கேட்டீர்கள். "இண்டைக்கு அங்கை வந்த நாப்பது பேரிலை ஒண்டும் கேக்காமல் போனது நாங்கள்தான். எங்கடை பள்ளிக்கூடத்தின்ரை பேரை அவர் மறக்கமாட்டார்."

மறக்கவில்லை. இரண்டு கிழமைக்குள் தானாகவே வந்தார். நீங்கள் அவரை மண்டபத்துக்குக் கூட்டிப்போகவில்லை. பின்னால், பழைய சமையல் கொட்டிலில் நடந்த விசேட கல்வி அலகுக்குக் கூட்டிப்போனீர்கள். பேச்சு வராத பிள்ளை, கை சொல்வழி கேட்காத பிள்ளை, ஒரு சொல்லை நூறு தரம் சொன்னால் பிடிக்கிற பிள்ளை என்று பதினொரு பேர். அவர்களுக்கு நிரோஜினி என்று ஒரு தொண்டர் ஆசிரியை. நியமனம் இல்லாமலே அவள் நாலாவது வருடமாகப் படிப்பித்துக்கொண்டிருந்தாள்.

கூட்டிப்போய் அவரைப் பிள்ளைகளின் சின்ன வாங்கில் இருத்தினீர்கள். முழங்கால் நாடியில் இடிக்க அவர் இருந்தார். முன்னால் அந்தப் பதினொரு பேரில் ஒருத்தியான சாருஜா தன் சப்பாத்து லேஸைக் கட்டிக்கொண்டிருந்தாள். கட்டுவாள், அவிழும், மறுபடி கட்டுவாள். அவருக்குப் பொறுக்கவில்லை, குனிந்து கை நீட்டினார். "தொடாதேங்கோ ஐயா, அவள் கட்டுவாள்" என்றீர்கள். கால்மணித்தியாலம். அவருடைய கைப்பேசி எத்தனையோ தரம் அடித்தது, அவர் எடுக்கவில்லை. அவள் கட்டி முடித்து நிமிர்ந்தபோது அந்த ஆள் எழும்பிக் கைதட்டினார். "என்ன வேணும் ரீச்சர், சொல்லுங்கோ" என்று அவர் கேட்டதற்கு நீங்கள், "இன்னொருக்கா வாங்கோ" என்றீர்கள். மூன்றாம் முறை வந்தபோதுதான் அலகுக்கு ஒரு வகுப்பறை வேண்டும் என்ற கடிதத்தைக் கொடுத்தீர்கள்.

அதன்பிறகு உங்களுக்கு இதுவே வேலையாகிவிட்டது, கூடவே எனக்கும். மாவட்டத்தின் எல்லா எம்.பி.மாரும், எல்லாக் கட்சியும். ஆனால் ஒரு நாளைக்கு ஒருவர்தான். ஒவ்வொருவரும் அந்தச் சின்ன வாங்கில் இருந்தார்கள். ஒவ்வொரு தோளிலும் அதே மெரூன் பொன்னாடைதான். மேடையில் ஒருவரை ஒருவர் கிழித்துத் தோரணம் கட்டுகிறவர்கள், நாங்கள் கழுவி மடித்த ஒரே துணியைத்தான் மாறி மாறிப் போட்டார்கள் என்று அவர்களுக்குத் தெரியாது. மினுக்கிய சூட்டோடு அதை உறையில் போடும்போது நீங்கள் சொன்னது: "இதுக்கு மட்டும்தான் முதலாளி எல்லாக் கட்சியின்ரை வேர்வையும் தெரியும்."

ஒவ்வொரு தவணை முடிவிலும் பிள்ளைகள் கீறிய படத்தோடு எல்லாருக்கும் ஒரு கடிதம் போகும். உங்கள் உதவியால் இன்ன பிள்ளை இன்னது செய்யப் பழகிவிட்டது என்று இரண்டே வரி. எதையும் கேட்கமாட்டீர்கள். "குடுத்தவருக்குத் தெரியவேணும், குடுத்தது எங்கை போச்சு எண்டு" என்பீர்கள். அந்தக் கடிதங்களைத் தபாலில் போட்டது நான். முத்திரை ஒட்டியதும் நான்.

வகுப்பறை எழும்பியது. கதவுக்குப் பக்கத்தில் முதல் வந்த, இப்போது பழையவராகிவிட்ட எம்.பி.யின் பெயரோடு அடிக்கல்லைச் சுவரில் பதித்தார்கள். திறப்புவிழாவுக்கு எல்லா எம்.பி.மாரையும் ஒரே நாளில் கூப்பிட வேண்டும் என்றீர்கள். "அப்ப ஒரு பொன்னாடை காணாதே ரீச்சர்?" என்று கேட்டேன். "அண்டைக்கு ஒருத்தருக்கும் இல்லை. கதவுக்குப் போடுவம்" என்றீர்கள். பிறகுதான் உங்களுக்கு வருத்தம் வந்தது.

ஆஸ்பத்திரிக்குத் தோடம்பழம் கொண்டு வந்தேன். குரல் போய், மூச்சால் கதைத்தீர்கள். "நிரோஜினிக்கு நியமனம் வருமட்டும் செயலாளர் பதவியை விடாதேங்கோ முதலாளி." நான் ஓம் என்றேன். வியாபாரத்தில் எந்தப் பேச்சுக்கும் பின்பக்கமாக ஒரு கதவு வைத்துக்கொண்டுதான் கதைப்பேன். அன்றைக்கு வைக்கவில்லை. கட்டிலில் கிடக்கிற ஆளிடம் வேறென்னதான் சொல்வது?

நீங்கள் போனபின் தேர்தல் வந்தது. பழைய எம்.பி. தோற்றார். புதியவர் வந்தார். அவருக்கு எங்கள் பள்ளிக்கூடம் எந்தப் பக்கம் என்றே தெரியாது. வலயக் கல்விக் கந்தோரிலிருந்து கடிதம் வந்தது. நியமனம் பெற்ற ஆசிரியர் இல்லாத அலகை இந்தத் தவணையோடு மூடுவோம், பிள்ளைகளை வேறு பள்ளிக்கூடத்துக்கு மாற்றலாம் என்று. அந்தப் பள்ளிக்கூடத்துக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். பதினொரு பிள்ளைகளில் ஒன்றுகூடப் போகாது, வீட்டு மூலையில்தான் இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். நிரோஜினியின் நியமனக் கோவை மேலே எங்கோ கிடக்கிறது. அதை அசைக்க, அரசாங்கப் பக்கம் இருக்கிற புதியவரின் பரிந்துரைக் கடிதம் ஒன்று வேண்டும்.

புது அதிபர் நல்ல மனிதர். எதைக் கேட்டாலும், "செயலாளர், நீங்கள் பாருங்கோ" என்பார். பதவியை விடுகிறேன் என்று கடிதம் எழுதிக்கொண்டு போனேன். வாசித்துவிட்டு, "நீங்கள் விட்டால் நானும் இடமாற்றம் கேப்பன்" என்று சொல்லி அதை மடித்து என் சட்டைப் பையிலேயே திருப்பி வைத்தார். கடைக்கு வந்தால் சாருஜாவின் தாய் நிற்பார். துணி வாங்க அல்ல. "ஏதாவது தெரிஞ்சுதே அண்ணை?" என்று கேட்க. கடையைப் பள்ளிக்கூடத்துக்கு முன்னால் போட்டவனுக்கு ஒளிக்க இடமில்லை.

புதியவரின் இணைப்பாளர் ஒருநாள் கடைக்கு வந்தார். இளம் ஆள், மரியாதையான கதை.

"அண்ணை, சேர் கட்டாயம் வந்து திறந்து வைப்பார். கடிதத்தையும் பாப்பம். ஆனால் அந்தக் கல்லு."

"எந்தக் கல்லு தம்பி?"

"எந்தக் கல்லெண்டு உங்களுக்குத் தெரியும். பழையவற்ரை பேரோடை கதவடியிலை நிக்குது. சேர் நாடா வெட்டேக்கை படத்திலை விழும்."

"அது சுவரோடை கட்டினதடா தம்பி."

"கழட்டச் சொல்லேல்லை அண்ணை. கண்ணிலை படாமல் பாருங்கோ. நீங்கள் புடவைக் கடைக்காரர்தானே." எழும்பிப் போகும்போது திரும்பி, "வேறை எம்.பி. ஒருத்தரும் வேண்டாம். பொன்னாடையும் கொஞ்சம் பெரிசாய், சரிகை அகலமாய்ப் பாருங்கோ. போன இடத்திலை துவாய் மாதிரி ஒண்டைப் போட்டு விட்டிட்டினம்" என்றார்.

நீங்கள் என்றால் என்ன செய்திருப்பீர்கள் என்று மூன்று நாள் யோசித்தேன். சிரித்துக்கொண்டே ஒரு பதில் சொல்லியிருப்பீர்கள். எனக்குத் தெரிந்தது, சாமான் வேண்டுமென்றால் கேட்ட விலையைக் கொடுப்பதுதான். ஒரே ஒரு பெயரோடு அழைப்பிதழ் அடித்தேன். நீலத்தில் பூப்போட்ட திரைத்துணி மூன்று யார் அளந்து வெட்டி, கல்லுக்கு மேலே நானே ஆணி அடித்துக் கொழுவினேன்.

பழைய எம்.பி. கைப்பேசியில் எடுத்தார். "தம்பி, திறப்புவிழா எண்டு கேள்விப்பட்டன். எனக்கு அழைப்புக் காட் வரேல்லை."

"அச்சகத்திலை கிடக்கு ஐயா. ரெண்டு நாளிலை வரும்."

காட் எல்லாம் என் கைக்கெட்டும் தூரத்தில், மேசையில் அடுக்கியபடி இருந்தன. அவர் "சரி, சரி" என்று வைத்துவிட்டார். நம்பினார் என்று நான் நினைக்கவில்லை. கடைக்காரன் சொல்கிற "நாளைக்கு வரும்" என்பதை அறியாத ஆளா அவர்?

முந்தநாள் விழா. என்னிடம் மிச்சமிருந்த துணிவு ஒன்றே ஒன்றுதான்: அகலச் சரிகைப் பொன்னாடை எடுக்கவில்லை. உங்கள் மெரூன் பொன்னாடையை லாச்சியிலிருந்து எடுத்து மினுக்கிக்கொண்டு போனேன்.

ஒன்பது மணிக்கு என்று போட்ட விழாவுக்குப் பழைய எம்.பி. எட்டரைக்கே வந்துவிட்டார். பஸ்ஸில், குடையோடு. நேரே போய்த் தாய்மாரோடு பின் வாங்கில் இருந்தார். அவரிடம் போகாமல் இருக்க எவ்வளவோ வேலை கண்டுபிடித்தேன். கதிரை நேராக்கினேன், விளக்குக்குத் திரி பார்த்தேன். கடைசியில் போனேன்.

"ஐயா, முன்னுக்கு வாங்கோ எண்டு கேக்கேலாமல் கிடக்கு."

"நான் முன்னுக்கு வரவோ வந்தனான்? இஞ்சை காத்து வருது, நீர் போய் உம்மடை வேலையைப் பாரும்." தன் அடிக்கல் இருந்த இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "துணி நல்ல துணி தம்பி. கெதியாய் வெளுக்காது."

ஏசியிருந்தால் பதிலுக்கு ஏதும் சொல்லியிருப்பேன்.

புதியவர் பதினொரு மணிக்கு வந்தார். அடுத்த நிகழ்ச்சி வல்வெட்டித்துறையில், நேரமில்லை என்றார்கள். பூச்செண்டு கொடுக்கச் சாருஜாவைத்தான் நிறுத்தியிருந்தோம். அவளுடைய லேஸ் அவிழ்ந்திருந்தது. அவிழ்ந்த சப்பாத்தோடு அவள் நடக்கமாட்டாள், உங்களுக்குத் தெரியும்தானே. பூச்செண்டை நிலத்தில் வைத்துவிட்டுக் குந்தியிருந்து கட்டத் தொடங்கினாள். இணைப்பாளர் என் காதுக்குள், "அண்ணை, வேறை பிள்ளை ஒண்டை விடுங்கோ, கெதியாய்" என்றார். நான் நிரோஜினியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. நானே குனிந்து பூச்செண்டை எடுத்து, பக்கத்து வகுப்புப் பிள்ளை ஒன்றின் கையில் கொடுத்தேன்.

பூச்செண்டு, பொன்னாடை, நாடா, படம். வகுப்பறைக்குள் அவர் கால் வைக்கவில்லை. வாங்கில் இருக்கவில்லை. வாகனம் படலை தாண்டும்போதுதான் சாருஜா முடிச்சை இறுக்கி நிமிர்ந்தாள். பூச்செண்டைத் தேடினாள். பின் வாங்கிலிருந்து ஒரு கைதட்டல் கேட்டது. அவர்தான். பழைய எம்.பி.

"முந்தி கால்மணித்தியாலம் எடுத்தவள். இப்ப நல்ல கெதி" என்று தாயிடம் சொன்னார். படலை வரைக்கும் நான் கூடப் போனேன். அங்கே நின்று, "ரீச்சற்ரை பொன்னாடையைத்தானே போட்டனீர்? கண்டனான். எங்கை அது?" என்று கேட்டார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கதிரையைத் திரும்பிப் பார்த்தேன். வெறுங்கதிரை.

"போட்டுக்கொண்டு போயிட்டார் ஐயா."

அந்த மனிதர் முதல் நாள் சிரித்தது போலவே சிரித்தார். குடையை ஊன்றிக்கொண்டு சிரித்தார். "நானும் அப்பிடித்தான் தம்பி அகப்பட்டனான்" என்று சொல்லிவிட்டு, வந்த பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார்.

நேற்று இணைப்பாளர் கைப்பேசியில் எடுத்தார். படம் நல்லாய் வந்திருக்கிறதாம், எல்லா இடமும் போட்டிருக்கிறார்களாம். அதில் நான் புதியவருக்குப் பக்கத்தில் பல்லெல்லாம் தெரிய நிற்கிறேன். அடுத்த பிரதேச சபைத் தேர்தலில் என் பெயரைப் போடலாம் என்று சேர் யோசிக்கிறாராம். "கடிதம் என்ன மாதிரி தம்பி?" என்று கேட்டேன். "பாப்பம் அண்ணை. நீங்கள் இனி எங்கடை ஆள்தானே" என்றார். எங்கடை ஆள். நான்கு வருடம் நீங்கள் யாருடைய ஆளாகவும் இல்லாமல் எல்லா வீட்டுக்கும் போய்வந்தீர்கள். எனக்கு அப்படி இருக்க அவர்கள் ஒரு நாள்கூடக் கொடுக்கவில்லை. இல்லை என்று சொன்னால் கோவை கிடந்த இடத்திலேயே கிடக்கும். ஓம் என்று சொன்னால் அடுத்த எம்.பி. வரும்போது என்னை மறைக்க யாரோ துணி வெட்டுவார்கள். நான் எதுவும் சொல்லாமல் வைத்துவிட்டேன். சொல்லாததையும் அவர் ஓம் என்றுதான் எடுத்திருப்பார்.

நீலத் துணியை இன்னும் கழற்றவில்லை ரீச்சர். கடிதம் வந்ததும் கழற்றுவேன் என்று சொல்லிக்கொள்கிறேன். சொல்லும்போதே என் குரல் எனக்குக் கடைக்காரன் குரலாகக் கேட்கிறது.

ஆனால் இன்று காலை அந்த வெறும் உறையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது வேறு ஒன்று தோன்றியது. தயவு கேட்டுப் போக எனக்கு வராது. வாசலில் நாற்பது பேரோடு கோவையைப் பிடித்தபடி நிற்கவும் வராது. என் சாமானைத் திருப்பித் தா என்று கேட்க வரும். அதில் எனக்கு என்றைக்கும் வெட்கம் இருந்ததில்லை.

நிரோஜினிக்குக் கைப்பேசியில் எடுத்தேன். "திங்கட்கிழமை புது எம்.பி. சனத்தைச் சந்திக்கிற நாள். ஏழரை பஸ்ஸுக்கு வாரும் பிள்ளை. சாருஜாவையும் தாயையும் கூட்டிக்கொண்டு வாரும்."

"கடிதம் கேக்கவோ அண்ணை?"

"இல்லை. கடிதத்தைப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்கப்படாது."

"அப்ப என்னத்துக்கெண்டு சொல்லிப் போறது?"

"பொன்னாடை எடுக்க."

அவள் சிரித்தாள். நீங்கள் போனபிறகு அவள் சிரித்துக் கேட்டது இதுதான் முதல் தரம். "சாருஜாவின்ரை லேஸை இறுக்கிக் கட்டிக்கொண்டு வாறம்" என்றாள்.

"வேண்டாம்," என்றேன். "அவிழட்டும். அங்கை வந்து அவளே கட்டட்டும்."

உறையை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்திருக்கிறேன். உங்கள் துண்டு வெளியே தெரிகிற மாதிரி.